நுரையீரலில் ஊறாத சோப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு ரப்பர் பால் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். பாலில் சோப்புக் கரைசல் கலப்பது என் பொறுப்பு. கலக்காவிட்டால் பால் திரிந்து கட்டியாகிவிடும். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும். அதனால் அவை ஒவ்வொரு ரப்பர்த் துளியையும் சுற்றித் தாமாகவே வரிசைகட்டி நின்றுவிடும். யாரும் அடுக்கிவைக்க வேண்டாம். இதெல்லாம் தெரியும் என்று எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம்கூட உண்டு.

எங்கள் முதல் பிள்ளை இரண்டு மாதம் முன்னதாகவே பிறந்துவிட்டான். பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மூச்சு விடும்போதெல்லாம் முனகினான். பீடோர் எஸ்டேட்டிலிருந்து வந்த என் மனைவியின் அக்கா அதைக் கேட்டுப் பூரித்துப்போனார்.

"நல்ல சத்தம்லா, தம்பி. பொழச்சுக்குவான், பயப்படாதீங்க."

நானும் நம்பினேன். குனோங் ராபாட்டில் இருந்த எங்கள் வீட்டில் தொட்டில் தொங்கவிடும் ஸ்பிரிங்கை எந்த உத்திரத்தில் மாட்டலாம் என்று யோசிக்கக்கூடத் தொடங்கிவிட்டேன்.

டாக்டரம்மாதான் போட்டு உடைத்தார். "அண்ணே, அது நல்ல சத்தம் இல்ல. மூச்சுப் பை ஒட்டிப் போகாம இருக்கப் பாப்பா போராடுது."

நுரையீரலின் சின்னஞ்சிறு பைகளுக்குள் எப்போதும் ஈரம் இருக்குமாம். அந்த ஈரத்தின் மேல் சோப்பு மாதிரி ஒன்று தானாகப் பரவி வரிசைகட்டி நிற்க வேண்டும். நின்றால்தான் பைகள் ஒட்டாமல் திறந்திருக்கும். கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் அது வேண்டிய அளவுக்கு ஊறும். இவனுக்கு ஊறவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. பீப்பாய் பீப்பாயாகச் சோப்பு கலக்குகிறவன் பிள்ளைக்கு ஒரு சொட்டுக்கு வழியில்லையா?

"வெளியிலேர்ந்து ஊத்த முடியாதா, டாக்டர்?"

அவர் சிரிக்கவில்லை. "வெளிநாட்டுல மாட்டு நுரையீரல்லேர்ந்து எடுத்து முயற்சி பண்றாங்க. இங்க இன்னும் வரல. ரெண்டு மூணு நாள் தாங்கிட்டா பாப்பாவுக்குத் தானாவே ஊறிடும்."

தாங்கவில்லை. மறுநாள் மத்தியானம் முனகல் நின்றது. அயர்ந்து தூங்குகிறான் என்று அக்கா நினைத்தார். எனக்குத் தெரிந்துவிட்டது.

மனைவி அழவே இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். என்ன தப்பு செய்தோம் என்று தன்னையே குடைந்துகொண்டிருக்கிறாள் என்று எனக்குப் பட்டது. அருகில் உட்கார்ந்து டாக்டர் சொன்னதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். அந்தச் சோப்பை யாரும் கொண்டுவந்து வைப்பதில்லை, அதுவாகத்தான் ஊற வேண்டும், அதுவாகத்தான் பரவ வேண்டும், இதில் மனுசர் தப்பு எதுவும் கிடையாது என்றேன்.

கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"வயித்துக்குள்ளயே இருந்திருந்தா ஊறியிருக்கும். அப்படித்தானே?"

"ஆமா," என்றேன்.

"அப்ப நான்தானே அவன வச்சிருக்க முடியாம வெளிய விட்டுட்டேன்."