எண்ணெய் குடித்த கல்

"நாலு எழுத்துப் படிச்சவ சொல்லிட்டா, சாயக்கல்லு நெசக்கல்லா ஆயிருமா கண்ணு?"

ஏரியூரில், வாசலில் கேழ்வரகைப் புடைத்துக்கொண்டே அக்காவின் மாமியார் இப்படிக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் கால் வைத்த முதல் ஆள் நான். சேலத்தில் ஆசிரியைப் பயிற்சியில் இருந்தேன். கல் உண்மையானது என்று அடித்துச் சொன்னேனே தவிர, எப்படி என்று சொல்ல எனக்கு அன்று வழி தெரியவில்லை.

அந்தக் கல் மாலை அண்ணன் கொண்டுவந்தது. பினாங்கில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு, உலக யுத்தம் அந்தப் பக்கம் வருவதற்குள் ஊர் திரும்பியவன் அவன். அக்கா மகளுக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் சீராக அதைப் போட்டுவிட்டான். சீனாக்காரர் ஒருவரின் கடையில் வாங்கிய, பிரோசா என்கிற நீலக் கல். மழை விட்ட காலை வானத்தின் நிறம், அதன்மேல் பழுப்புக் கோடுகள் சிலந்தி வலை போல. ஒரு மணியைப் போல இன்னொன்று இராது. அதைப் பார்த்த அன்று என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டுக்குள் மாலை பாசிப் பச்சையாகிவிட்டது. "பினாங்கு வரைக்கும் போயி சாயம் போற கல்ல வாங்கியாந்திருக்கான்" என்று மாமியார் பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். அண்ணன் அந்த வீட்டுக்குப் போவதை விட்டான். இப்போது அக்காவின் மகனுக்குக் காதுகுத்து. மடியில் உட்கார வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டும்.

"ஏமாத்துக்காரன் மடியில எதுக்கு? வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு" என்றான் அண்ணன். அக்காவோ, அவன் வராவிட்டால் காதே குத்த வேண்டாம் என்றிருந்தாள்.

பொம்மிடியில் எங்கள் வீட்டில் அண்ணனை உட்கார வைத்து, கல் வாங்கிய கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.

"என்னத்தச் சொல்ல? கடக்காரன் கல்லக் குடுத்தான். என் தலையக் காட்டி வேணாம் வேணாம்னு கையாட்டுனான். எண்ண வழிய வாரியிருந்தனா, கிண்டல் பண்றான்னு நானும் சிரிச்சுட்டு வந்துட்டேன்."

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஏரியூரில் மாமியார் வெள்ளிக்கிழமை தவறாமல் பேத்திக்கு உச்சி முதல் பாதம்வரை விளக்கெண்ணெய் தேய்ப்பார். மாலையைக் கழற்றுவதில்லை. கழுத்தில் கிடக்கிறதே, அதுவும் மினுங்கட்டும் என்று அதற்கும் சேர்த்து ஒரு தேய்ப்பு.

அண்ணனின் பெட்டியில், கோக்கும்போது மிஞ்சிய ஒரு மணி இன்னும் நீலமாகவே இருந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. ஆனாலும் கிண்ணத்தில் விளக்கெண்ணெய் ஊற்றி, மணியைப் பாதி மட்டும் முங்கும்படி நிறுத்தினேன். விடுமுறை முடிவதற்குள் கீழ்ப்பாதி பச்சையாகி, மேல்பாதி வானமாகவே நின்றது. எண்ணெயில் துளி நீலம் இறங்கவில்லை. சாயம் போகவில்லை, கல்தான் எண்ணெயைக் குடித்திருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க, தருமபுரிச் சந்தையில் வாங்கிய நீலச் சாய மணியை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன்; பஞ்சு நீலமானது. அண்ணனின் மணியைத் துடைத்த பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

பயிற்சிப் பள்ளியில் கேட்டு வாங்கிய பூதக்கண்ணாடியோடு மறுபடியும் ஏரியூர் போனேன். பாதி பச்சையான மணியையும் இரண்டு பஞ்சுகளையும், அன்றும் முறத்தோடு உட்கார்ந்திருந்த மாமியார் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. தம் கழுத்து மாலையைத் தூக்கிக் காட்டினார். "இதும் நீலந்தான். என் மவன் பெங்களூர்ல வாங்கியாந்தான். இதுக்கும் எண்ணதான் போடறேன். மாறுச்சா?"

"நீங்களே பாருங்க அத்தே" என்று கண்ணாடியைக் கையில் கொடுத்தேன்.

வெகுநேரம் பார்த்தார். "உள்ள குமிழி குமிழியா இருக்குது. சோடா பாட்டல் கண்ணாடில இருக்கற மாதிரி."

"அதுல எண்ண எறங்காது. இப்ப பாப்பா மாலையப் பாருங்க. கோட்டு மேல நகத்த வெச்சு இழுங்க."

இழுத்தார். கோடுகள் மேலே தீட்டியவை அல்ல, கல்லுக்குள் ஓடுபவை. சில இடங்களில் நகம் இலேசாகத் தட்டும். பச்சையான பிறகும் அந்த வலை அப்படியே இருந்தது. பார்க்கப் பார்க்க, மலையின் மேலிருந்து வயல் வரப்புகளைப் பார்ப்பது போலிருந்தது. நிறம் மாறியும் அழகு குறையாத கல்லை நான் வேறெங்கும் கண்டதில்லை.

"கண்ணாடிய வித்து என் மவன ஏமாத்திப்புட்டானுங்க" என்றார் மாமியார். பிறகு பேத்தியின் மாலையை முந்தானையால் துடைத்தார். "இது திரும்ப நீலமாவாதா?"

"ஆவாதுங்க அத்தே. இனிமே எண்ண தேய்க்கறப்போ கழட்டி வெச்சிருங்க."

"பாவம், ஒங்கண்ணன நெறைய பேசிப்புட்டேன்." முறத்தைத் தள்ளி வைத்தார். "நீ ஊருக்குப் போனதும் அவன வரச் சொல்லு. பேரன் காதுகுத்துக்கு மாமன் மடி வேணும்."

ஊருக்குப் போகும்வரை காத்திருக்கத் தேவையிருக்கவில்லை. அண்ணனை நான் வந்த பஸ்ஸிலேயே கூட்டி வந்திருந்தேன். ஸ்டாப்புக்கு எதிரே டீக்கடை பெஞ்சில், தலைக்கு எண்ணெய் வைக்காமல் உட்கார்ந்திருந்தான்.