ஊதாப் புள்ளிகள் போன வழி

என் மனைவி பல்கலைக்கழக ஆய்வகத்தில் திசு அறுப்பவளாக இருந்தாள். உறைந்த திசுவை வெங்காயச் சருகே தடிமன் என்று தோன்றும்படி மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஏற்றுவாள். குளிர்பெட்டிக்குள்ளேயே கை கிடப்பதால் விரல்கள் எப்போதும் சில்லென்றிருக்கும். அங்கே அவளுக்கு ‘ஐஸ்கட்டி’ என்றுதான் பெயர். அவள் இறந்துபோன இந்த ஒரு மாதத்தில் நான் அதிகம் நினைத்துக்கொண்டது அவளுடைய ஒரு சனிக்கிழமையைத்தான்.

கரு கலைந்துபோன ஒரு தாய், “இதுல ஏதாவது தெரிய வந்தா எனக்கும் சொல்லுங்க” என்று கேட்டுக் கொடுத்த திசு அது. ஐந்து வாரக் கரு, பயறு அளவுதான். அதில் ஒரு நொதி எங்கெங்கே வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். கரைசலை ஊற்றினால் நொதி உயிர்ப்போடு இருக்கும் இடம் மட்டும் ஊதாவாகும். சூடு பட்டால் நொதி செத்துவிடும்.

காலையெல்லாம் வேறு திசுக்களைச் சூட்டுத்தட்டில் உலர்த்திய கை, பழக்கதோஷத்தில் இதையும் அங்கேயே வைத்துவிட்டது. ஒரு கண்ணாடியிலும் நிறம் வரவில்லை. அழைத்துப்போக வந்த நான் விவரம் தெரியாமல் கேலி செய்தேன்.

“என்ன, ஐஸ்கட்டி உருகிடுச்சா?”

“சும்மா இருங்க. பெத்தவ நம்பிக் குடுத்தத வேக வெச்சுட்டேன்.”

“மிச்சம் இல்லியா?”

“உறைஞ்ச கட்டியோட அடியில துளி ஒட்டிட்டிருக்கு. ஒரு சீவல் வந்தாலே பெரிசு. மூச்சு விடாதீங்க, பறந்துடும்.”

“மூச்சு விடலைன்னா நீ விதவையாயிடுவ.”

சிரிக்கவில்லை. சீவினாள். ஓரம் மடிந்த ஒரே ஒரு சீவல் வந்தது. கண்ணாடியில் எடுத்து, பின்பக்கம் கட்டைவிரலை வைத்தாள். விரலின் அந்த இளஞ்சூட்டிலேயே அது உருகி ஒட்டியது. கரைசலில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

நுண்ணோக்கியில் கண்வைத்தவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “வாங்களேன்!”

குடலாகப்போகும் குழாயின் சுவரில் ஊதாப் புள்ளிகள், தள்ளித் தள்ளி.

“இதெல்லாம் விதை செல். இந்தப் புள்ள வளந்து பெத்துக்க வேண்டிய புள்ளைங்களுக்கு. தங்க வேண்டிய எடத்துக்குப் போயிட்டிருக்கு.”

கை இன்னும் மொட்டாக இருந்த உடல் அது. அதற்குள் அந்தத் தாயின் பேரப்பிள்ளைகள் புறப்பட்டிருந்தார்கள். 

அடுத்த வாரம் அந்தத் தாய் வந்து நுண்ணோக்கியில் பார்த்தாராம். நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லையாம்.

“எந்தப் பக்கமாப் போகுது?” என்று மட்டும் கேட்டாராம்.

“மேல,” என்றாளாம் என் மனைவி.