ஒரகடத்தின் வைப்பர்க் கொக்கு

மதியம் மூன்று மணிக்குச் சிங்கப்பெருமாள் கோவில் நிலையத்தில் இறங்கினேன். விழுப்புரத்திலிருந்து நின்றுகொண்டே வந்ததில் இடுப்பு கழன்றுவிட்டது. ஊர் ஊராகப் போய்ச் சிலைகளைப் படமெடுப்பது என் பைத்தியம். எங்கள் ஊரிலும் சிலைகளுக்குக் குறைவில்லை. ஆனால் தலைவர்கள் எல்லாம் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறார்கள். எப்படி எடுத்தாலும் மூக்கின் மேல் ஒரு கம்பி விழுந்து தொலைக்கும். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை வாசலில், கழித்துப் போட்ட கார் பாகங்களால் செய்த கொக்கு ஒன்று வெட்டவெளியில் நிற்கிறது என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டேன்.

ஷேர் ஆட்டோவில் ஏறக்குறையப் பன்னிரண்டு கிலோமீட்டர், முப்பது ரூபாய். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓட்டிய டிரைவர், நான் வந்த காரியத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"இன்னாக்கா, இத்தப் படம் புடிக்கவா அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துகீறீங்க? நான் டெய்லி பாத்துகினுதான் போறேன். ஒரு தபா கூட அது பறக்கல."

கொக்கு இரண்டு ஆள் உயரம். சைலன்சர் குழாய்க் கால்கள், பம்பர் உடம்பு, தாழ விரித்த இறக்கைகள் முழுக்கக் கார்க் கண்ணாடியில் மழைநீர் துடைக்கும் வைப்பர்கள். எதிரே டீக்கடை நிழலில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்தரை மணிக்கு மேற்கு வெயில் இறக்கைக்குப் பின்னால் இறங்கும்போது ஒவ்வொரு வைப்பரும் தனித்தனி இறகாகத் தெரியும். சில நிமிடங்களில் சூரியன் தொழிற்சாலைக் கூரைக்குப் பின்னால் போய்விடும். என் படங்களில் மனிதர்கள் வரக் கூடாது என்பது என் பிடிவாதம்.

கணக்கு தப்பவில்லை. ஆனால் கேமராவைக் கண்ணில் வைத்த நேரம் பார்த்து, ஷிப்ட் முடிந்து வந்த இரண்டு பெண்கள் நேராகக் கொக்கின் அடியில் போய் நின்றார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"கொஞ்சம் தள்ளிக்கிறீங்களாம்மா?"

ஒருத்தி தள்ளி நிற்பதற்குப் பதில் என்னிடமே ஓடிவந்தாள். பெயர் செல்வி, கோவில்பட்டிக்காரி. வைப்பர் மாட்டும் லைனில் அவளது இரண்டு வருஷக் காண்ட்ராக்ட் அன்றோடு முடிகிறது. ராத்திரி பஸ்ஸில் ஊருக்குக் கிளம்புகிறாள். உள்ளே படம் எடுக்கக் கூடாதென்று கேட்டிலேயே போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்களாம். தினமும் ஒட்டி, உரித்து, பசை ஏறி, அவள் போனில் எல்லாமே புகைமூட்டமாக விழுந்தது.

"யக்கா, ஒங்க கேமராவுல ஒண்ணு எடுத்துத் தாங்க. நான் இங்கன வேலை பாத்ததுக்கு ஒரு படங்கூட இல்ல. என்ன வேலைட்டி பாக்கன்னு எங்கம்ம கேட்டுக்கிட்டே கெடக்கா. சொன்னா வெளங்க மாட்டேங்கு. இந்த றெக்கை பூரா எங்க லைன்ல மாட்டுனதுதான்."

"ஏட்டி, அதெல்லாம் ரிஜெக்ட் பீஸு" என்றாள் தோழி.

"இருந்துட்டுப் போட்டும். மாட்டுனது நாமதான?"

கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. சூரியன் கூரையைத் தொட்டுவிட்டது. இந்த வெளிச்சத்துக்காகத்தானே வந்தேன் என்று ஒரு கணம் மனம் கஞ்சத்தனம் செய்தது. "போய் நில்லு" என்றேன்.

செல்வி எக்கி நின்று ஓர் இறகைப் பிடித்துக்கொண்டாள். "கையை எடும்மா, மறைக்குது" என்று சொல்லியும் எடுக்கவில்லை. மூன்று படம் எடுத்தேன். அங்கேயே என் போனுக்கு மாற்றி அவளுக்கு அனுப்பினேன். அவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் கிளம்பிப் போனது, வெளிச்சமும் போய்விட்டது.

திரும்பும் ரயிலில் அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது. "யக்கா, எங்கம்ம பாத்துட்டா. புடிச்சிருக்கியே, அது நீ மாட்டுனதாட்டின்னு கேட்டா. ஆமான்னு சொல்லிட்டேன்."

ஆளில்லாத கொக்கு ஒன்றுகூட என் கேமராவில் இல்லை. அதில் எனக்கு வருத்தமே இல்லை என்பதுதான் ஆச்சரியம். விழுப்புரத்தில் இறங்கி வெளியே வந்தபோது, எங்கள் ஊர்ச் சிலை கம்பிக் கூண்டுக்குள் வழக்கம்போலக் கையை நீட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கையைப் பிடித்தபடி யாரும் இதுவரை அம்மாவுக்குப் படம் அனுப்பியதில்லை.