எஞ்சினை நிறுத்தச் சொன்னவன்

போன செவ்வாய்க்கிழமை சேலம் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறி நின்றேன். இத்தனை வருஷமாக வாராவாரம் உங்களோடு அரட்டை அடிப்பவன், அன்று ஐந்து நிமிஷம்கூடப் பேசவில்லை.

ஏன் போனேன்? சொல்கிறேன். வழக்கமான சிரிப்பை மட்டும் இந்த வாரம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

சித்திரை மாதத்தில் இதே இடத்தில் பெட்ரோல் சிக்கனம் பற்றி எழுதியிருந்தேன். ஞாபகம் இருக்கிறதா? யுத்தம் வந்த பிறகு கூப்பன் இல்லாமல் ஒரு சொட்டு கிடையாது. அந்தக் கூப்பனும் மாதக் கடைசி வரை காணாது. அதனால் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். நானும் சொன்னேன் — டயரில் காற்றுக் குறையாமல் பாருங்கள், பிளக்கைச் சுத்தமாகத் துடைத்து வையுங்கள், ஆக்ஸிலரேட்டரை அவசரப்பட்டு மிதிக்காதீர்கள், யாருடனாவது பேசிக்கொண்டு நிற்கும்போது எஞ்சினை ஓட விடாதீர்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசியில் இன்னொன்றும் சேர்த்தேன். 'இறக்கம் வந்தால் எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் போட்டு வண்டியை உருள விடுங்கள். பூமாதேவி இனாமாகத் தள்ளிவிடுவாள்!'

அந்த வரி எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு காலையில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். பெயர் பாவாயி. கொண்டப்பநாயக்கன்பட்டியில் வாடகைக் கார் ஓட்டும் மாரப்பனின் மனைவி. கையில் என் பத்தி, நாலாக மடித்தபடி.

"ஏனுங்க, இது நீங்க எழுதுனதுங்களா?"

"ஆமாம்மா." பெருமையாகத்தான் சொன்னேன். பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைப்பு!

நின்றபடியே அவர் சொன்னது இதுதான். இளம்பிள்ளைப் புடவை வியாபாரி ஒருவரை ஏற்றிக்கொண்டு மாரப்பன் ஏற்காட்டிலிருந்து இறங்கியிருக்கிறார். மலை உச்சியிலேயே எஞ்சினை அணைத்துவிட்டார். ஏழெட்டு வளைவு வரை பிரேக் பிடித்தது. பிறகு சூடேறிப்போய், எவ்வளவு மிதித்தாலும் நிற்கவில்லை. உருண்டு ஓடுகிற வண்டியைக் கியரில் போடப் பார்த்தார். கியர் விழவில்லை. பள்ளத்தில் விழாமல் இருக்க வண்டியை மலைப்பக்கமாகத் திருப்பிப் பாறையில் மோதினார். வியாபாரி அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். மாரப்பனுக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். போலீஸ் கேஸும் போட்டாயிற்று.

"கோர்ட்டுல வந்து, நாந்தான் அப்புடி எழுதுனேன்னு ஒரு வார்த்தை சொல்லோணுங்க. அவரு வேணும்னு பண்ணலீங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மலைப்பாதைக்கு என்று நான் எழுதவில்லையே, அம்மா."

"மலைக்கு வேண்டாம்னும் எழுதலீங்களே."

'யோசித்துச் சொல்கிறேன்' என்று அனுப்பிவைத்தேன். மூன்று நாள் யோசித்தேன். யோசித்ததெல்லாம் என் பெயரைப் பற்றித்தான். கூண்டில் ஏறினால் பத்திரிகையில் என் இடம் மிஞ்சுமா? தெரிந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? இறந்துபோன வியாபாரியின் வீட்டில் இப்போது என்ன பாடு படுகிறார்களோ என்ற நினைப்பு நாலாம் நாள்தான் வந்தது.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாரப்பன் திட்டுவார் என்று மனதைத் தயார் பண்ணிக்கொண்டுதான் போனேன். அவரோ, "வாங்க சாமி, உக்காருங்க" என்று கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"முன்பெல்லாம் அந்த மலையில் எப்படி இறங்குவீர்கள்?" என்று கேட்டேன்.

"இருவது வருசமா கியருலதானுங்க. ஏர்றப்ப எந்தக் கியரோ, எறங்கறப்பவும் அதேதான். எஞ்சினே வண்டியப் புடிச்சுக்கும். பிரேக்கு சும்மா தொணைக்குங்க."

"அது தெரிந்திருந்துமா...?"

"பேப்பர்ல போட்டிருந்துதுங்களே! படிச்சவிய யோசிக்காமயா எழுதுவாங்கன்னு நெனச்சுட்டேன்."

யோசித்தேனா? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது காபி கிளப்பில் ஒரு நண்பர் சொன்ன யோசனை. நாமக்கல் போகிற வழியில், ஒரு சின்ன இறக்கத்தில், ஒரே ஒரு தடவை செய்து பார்த்தேன். ஏற்காட்டு மலைப்பாதையில் நான் கார் ஓட்டியதே இல்லை. இருபது வருஷமாகக் கையும் காலும் பழகிய ஒரு மனிதர், தனக்குத் தெரிந்ததை ஒதுக்கிவிட்டு என்னை நம்பியிருக்கிறார். எதற்காக? நான் அச்சில் இருந்தேன், அவ்வளவுதான். பேனாவை எடுக்கும்போது எங்களில் எத்தனை பேருக்கு இந்தப் பயம் இருக்கிறது?

மலை இறங்கும் முறை மாரப்பன் சொன்னதுதான். எஞ்சின் ஓடட்டும், கியரிலேயே இறங்குங்கள். பெட்ரோல் போனால் போகிறது.

சரி, கோர்ட்டுக்கு வருகிறேன். நான்தான் எழுதினேன் என்று சொன்னேன். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்:

"மலையில் கார் ஓட்டியிருக்கிறீரா?"

"இல்லை."

"பின்னே எதை வைத்து எழுதினீர்?"

எதிரே பெஞ்சில் வியாபாரியின் மனைவி உட்கார்ந்திருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு சுருக்கமாக முடிந்தது. ஸ்டியரிங் யார் கையில் இருந்ததோ அவர்தான் பொறுப்பாம். மாரப்பனுக்கு ஆறு மாதம் ஜெயில். எனக்கு...? ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போகலாம்.

பாவாயி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் புருஷன் பின்னால் போனார். அவருக்கு என்னிடம் இனி என்ன வேலை?

வெளியே வந்தேன். கோட்டுப் போட்ட ஒருவர் வேகமாக வந்து கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது போலிருக்கிறது.

"ஸார், உங்க பத்தியை ஒரு வாரம்கூட விடறதில்லை. என் கார் இப்போ பெட்ரோலைக் கண்டபடி குடிக்குது. ஏதாவது யோசனை சொல்லுங்களேன்?"

சற்றுத் தூரத்தில், இரண்டு போலீஸ்காரர்கள் தாங்கிப் பிடிக்க, ஊன்றுகோலோடு வண்டியில் ஏறத் தடுமாறிக்கொண்டிருந்தார் மாரப்பன். அவர் பக்கம் கையைக் காட்டினேன்.

"என்னைக் கேட்காதீர்கள் ஸார்... அவரைக் கேளுங்கள்."