மார்த்தாவுக்காக ஒரு ஜெபம்

என் தம்பி மோசஸின் மனைவி டோரிஸுக்கு யாரைப் பற்றியும் ஒரு குறை சொல்ல வராது. பால்காரன் தண்ணீரில் கொஞ்சம் பாலைக் கலந்து ஊற்றிவிட்டுப் போவான். "பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் கணவர் கொர்னேலியஸ் காலமான பிறகு செகந்திராபாத் லோத்குண்டாவில் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள் நான். என் வாய் சும்மா இருக்காது. மோசஸோ விடிந்ததும் நாச்சாரத்துக்குத் தொழிற்சாலை பஸ் ஏறிவிடுவான். மிச்சம் இருப்பது டோரிஸ். அவளிடம் வம்பு பேசுவதும் சுவரிடம் பேசுவதும் ஒன்றுதான்.

எழுபத்தாறாம் வருஷம் அது. மாரெட்பள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் தற்காலிக டீச்சர். ஜூனுக்குள் பி.ஏ. முடித்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது. வீட்டிலிருந்தே படித்து எல்லாப் பேப்பரையும் தாண்டிவிட்டாள். ஒன்று மட்டும் காலை வாரிக்கொண்டே இருந்தது. ஓர் அமெரிக்க நாவல். அதில் இரண்டு தடவை ஃபெயில்.

அப்படி என்னதான் எழுதினாய் என்று கேட்டேன். சொன்னாள். மார்த்தா என்று ஒரு விதவை. கண்ணுக்கு எட்டிய தூரம் புல்வெளி, நடுவில் அவள் பண்ணை, துணைக்குக் கோழிகள். ரயில்வே கம்பெனி நிலத்தைக் கேட்கிறது. தர மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். மார்த்தாவின் குணத்தை ஆராய்க என்பது கேள்வி. மார்த்தா நல்லவள் என்று எழுதியிருக்கிறாள் இவள். நிலத்தைப் பிடுங்க வந்த ஏஜெண்ட்? அவனும் நல்லவன்தானாம், சூழ்நிலைதான் சரியில்லையாம். காற்று வாசலில் நாயைப் போலப் படுத்துக் கிடந்தது என்று ஓர் உவமை. அதன் பொருள் என்ன என்று கேட்டால், அன்று காற்று அடிக்கவில்லை என்று எழுதிவிட்டு வந்திருக்கிறாள்!

"ஏட்டி, நாலு பேரைப் பத்தி நாலு வார்த்தை பேசத் தெரியாதவளுக்கு என்னத்துக்கு இலக்கியம்?" என்றேன்.

"அடுத்தவங்கள நியாயந்தீர்க்கக் கூடாதுல்லா மைனி."

"பேப்பர் திருத்துதவன் உன்னை நியாயந்தீர்ப்பானே, அப்ப என்ன செய்வே?"

அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். மூன்றாவது பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை. சம்பளத்துக்காக மட்டும் அவள் அழவில்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்றால் அவளுக்கு உயிர்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். கூட்டத்தை நடத்துகிறவர் சிலாஸ் அம்மாள், செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர், 'ஏன்' என்பதற்கு அந்த ஊர்ப் பேச்சில் 'கைக்கு' என்பார். யாருக்காவது ஜெபக்குறிப்பு உண்டா என்று கேட்டார். டோரிஸ் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

"அமெரிக்காவுல மார்த்தான்னு ஒரு விதவை. ரயில்வேக்காரன் அவ நிலத்தைக் கேக்கான். அவ தரமாட்டேங்கா. அவள நெனைச்சு எனக்கு உறக்கமே இல்ல..."

பரீட்சை என்ற வார்த்தைக்கு அவள் வருவதற்குள் சிலாஸ் அம்மாள் கண்ணை மூடிவிட்டார். அவர் ஜெபத்தில் இறங்கினால் நடுவில் யார் நிறுத்துவது? தூர தேசத்துச் சகோதரி மார்த்தாவைத் தாங்கும் ஆண்டவரே என்றார். ரயில்வே அதிகாரிகளின் இருதயங்களை இளகப் பண்ணும் என்றார். எல்லாரும் ஆமென் போட்டார்கள். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தேன்.

கண்ணைத் திறந்ததும் டோரிஸ் உண்மையைச் சொல்லிவிட்டாள். முகமெல்லாம் வியர்வை.

"கதையா?" என்றார் சிலாஸ் அம்மாள். ஒரு நிமிஷம் யோசித்தார். "சரி, ஜெபம் பண்ணியாச்சு. அவ கைக்கு இப்படி அடம் பிடிக்கிறா? வித்துட்டு, மகன் யாராவது இருந்தா அவன்கிட்டப் போறதுக்கென்ன?"

அவ்வளவுதான், டீயும் முறுக்கும் வருவதற்குள் மார்த்தாவைப் பிய்த்துப் போட்டுவிட்டார்கள். பேராசை என்றாள் ஒருத்தி. மருமகளோடு ஒத்துப்போகாதவளாய் இருப்பாள் என்றாள் இன்னொருத்தி. நான் விடுவேனா?

"திமிரு! நாள் முழுக்க கோழிகளைப் போட்டு ஏசிக்கிட்டே இருக்காளாம். கோழி என்ன பாவம் பண்ணிச்சு?"

டீத் தட்டை மேசையில் டங்கென்று வைத்தாள் டோரிஸ்.

"பேசாதீங்க மைனி! உங்களுக்கு என்ன தெரியும் அவளைப் பத்தி?" "அது திமிரு இல்ல. அந்த வீட்டுல வேற சத்தமே கிடையாது. கோழியையாவது ஏசலன்னா, அவரு இல்லங்கது காதுல வந்து விழுந்திரும். வெளியே காத்துகூட செத்துக் கெடக்கு. அவ என்ன செய்வா?"

ஒருவரும் முறுக்கைக் கடிக்கவில்லை. அவள் கோபப்பட்டு நாங்கள் பார்த்ததே இல்லை.

எனக்கு ரோஷம் வந்திருக்க வேண்டியது, சந்தோஷம்தான் வந்தது. "இதை எழுதுட்டி! இதைத்தான் கேக்கான் பேப்பர் திருத்துதவன்!" என்று கத்தினேன்.

எழுதினாள். பாஸானாள். நிரந்தர உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டு அவள் வந்த நாளில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவெல்லாம் லட்டு கொடுத்து, என்னால்தான் பாஸானாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்புறம்தான் கேட்கத் தோன்றியது.

"அவ கோழிய எதுக்கு ஏசுதாங்கது புத்தகத்துலயே இருந்துச்சா? யாரு சொல்லித் தந்தா?"

"யாரும் சொல்லல மைனி." தலையைக் குனிந்துகொண்டாள். "காலையில கண்ணு முழிச்சதும் பால்காரன ஏச ஆரம்பிப்பிய. அப்புறம் குழாயை, ரேடியோவை, என்னை. ராத்திரி வெளக்கணைக்குத வரைக்கும் ஓய மாட்டிய. அதக் கேட்டுக் கேட்டுத்தான் மார்த்தா எனக்குப் புரிஞ்சா."

முதலில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. யார் வீட்டில் உட்கார்ந்துகொண்டு யாரை ஆராய்கிறாள்! ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவரை அடக்கம் பண்ணிய அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

அதற்கப்புறம் நான் யாரோடும் பேசவில்லை. சாயங்காலம் டோரிஸ் பயந்துபோய் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"மைனி, என்னையாவது ஏசுங்க" என்றாள்.