நோட்டுக்குப் போட்ட நகை

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான் இப்படி எழுத உட்கார்ந்திருப்பதே அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் நடுவில் எனக்கு வாய் வராது. காகிதத்தில் என்றால் யாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்ற தைரியம் மட்டும்தான்.

உமி கருகும் வாசனை எங்கே வந்தாலும் எனக்குக் கண் எரிகிறதோ இல்லையோ, குன்றத்தூரில் மலைக்குக் கீழ்த்தெருவில் இருந்த ஒரு பத்தர் வீட்டு முன்னறை ஞாபகத்துக்கு வந்துவிடும். பத்து வயதில், ஒரு கோடை விடுமுறையில், அந்த அறையில் மூன்று நாள் ஒரு பலகைமேல் உட்கார்ந்து, உமி நெருப்பில் அவர் குழலால் ஊத ஊதத் தங்கம் இளகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேடிக்கை பார்க்கப் போகவில்லை, காவலுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் நகை செய்யக் கொடுத்தால் வீட்டு ஆள் ஒருவர் வேலை முடியும்வரை எதிரில் உட்கார வேண்டும். பத்தர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. அதைப் பத்தர்களும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

எங்கள் ஊர் ஒரகடத்துக்குப் பக்கம். கம்பெனிகளுக்காக நிலம் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் நிலமும் போனது. அப்போது மெட்ராஸிலிருந்து ஒரு நிலத் தரகர் அடிக்கடி வருவார். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுக்கும்போது, மடித்த நோட்டுகளைக் கவ்விக்கொண்டிருக்கும் தங்கக் கிளிப்போடுதான் எடுப்பார். இரண்டு விரல் அகலம், மேலே குதிரைத் தலை. அவருடைய தாத்தா ரங்கூனில் வாங்கிய "சீமைச் சாமான்" என்று சொல்லிக்கொள்வார். அதை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்த நாளிலிருந்து அப்பாவுக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. நிலம் போன மனுஷன் நிமிர்ந்து நடக்க அது ஒன்று கையில் இருந்தால் போதும் என்று நினைத்தாரோ என்னவோ, அம்மாவின் கையிலிருந்த இரண்டு வளையல்களைக் கழற்றச் சொன்னார்.

அம்மா சோப்பு போட்டுக் கழற்றிக் கொடுத்தாள். "ஊர்ல பொம்பளைக்கு நகை போடுவாங்க. உங்கப்பன் நோட்டுக்கு நகை போடறாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, "நெருப்புல போடறத நான் வந்து பாக்க மாட்டேன்" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பாவோ தரகரோடு சுற்றிக்கொண்டிருந்தார். அதனால் காவல் என் தலையில் விழுந்தது. "அவன் கையையே பாரு. சொக்கத் தங்கமா வரணும், ஒரு பொட்டு செம்பு சேரக் கூடாது" என்று அப்பா சொல்லி அனுப்பினார்.

நான் ஒரே பிள்ளை. வீட்டில் என்னோடு பேச ஆள் கிடையாது, பேசினாலும் நான் பதில் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீட்டில் பத்தரும் அவர் மனைவியும் நான் பதில் சொல்கிறேனா என்று எதிர்பார்க்காமலே பேசிக்கொண்டிருந்தார்கள். "காவலுக்கு எவ்ளோ பேர் வந்துகீறாங்க, இம்மாந்துண்டு இன்ஸ்பெக்டர் இப்பதான் வர்றாங்க" என்று பத்தர் சொல்ல, "ஏய்யா, சும்மா இரு, கொழந்த அழுதுடப் போவுது" என்று அந்த அம்மா உள்ளேயிருந்து மோர் கொண்டு வந்து வைப்பார். "அழுவாது. கண்ணு எங்க இருக்குது பாரு, என் கை மேலயே. நான் மூக்கச் சொறியக்கூட முடியல" என்பார் அவர். நான் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். அந்த மூன்று நாள்போல் நான் யாருக்கும் வேண்டியவளாக இருந்ததில்லை.

இரண்டாம் நாள் மாலை, தகடு அடித்து வளைத்த கிளிப்பில் மடித்த காகிதத்தைச் செருகிப் பார்த்தார். வெளியே எடுத்ததும் கிளிப் திறந்த வாய் திறந்தபடியே நின்றது. இரண்டு முறை அழுத்தினார், மறுபடி செருகினார், மறுபடி அப்படியே. "பாத்தியா, ஆன்னு கெடக்குது. வளையல் தங்கம் மெத்து. வளைஞ்சா வளைஞ்சதுதான், திரும்பிக் கவ்வாது. இன்னும் கொஞ்சம் செம்பு சேந்தாதான் இதுக்கு வீம்பு வரும்" என்றார்.

மூன்றாம் நாள் அதை மறுபடி உருக்கினார். என் கண் முன்னால் ஒரு துண்டுத் தங்கத்தை வெட்டித் தனியே வைத்துவிட்டு, அதே எடைக்குச் செம்புக் கம்பியை நறுக்கிப் போட்டார். தனியே வைத்த துண்டை ரோஸ் காகிதத்தில் மடித்தார். "இது உங்கம்மாவுக்கு. ஒரு மூக்குத்தி ஆவும். வளையல் போச்சேன்னு இருப்பாங்க இல்ல? நாளைக்கு உங்கப்பா வரட்டும், கையில குடுத்து நானே வெவரமா சொல்லிக்கறேன்" என்று மரப்பெட்டிக்குள் வைத்தார்.

அன்று சாயங்காலம் அப்பா தெருமுனையிலேயே நின்று கைதட்டிக் கூப்பிட்டார். பஸ் கிளம்பத் தயாராக நின்றது, ஓடி ஏறினோம். நல்ல கூட்டம். அப்பாவுக்குக் குரலைத் தணித்துப் பேசத் தெரியாது.

"செம்பு போட்டானா?"

"போட்டாரு."

"தங்கம் எதனா எடுத்தானா?"

"எடுத்து… பெட்டியில வெச்சாரு."

மூன்றாவதாக ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அது அம்மாவுக்கு என்பது. ஆனால் அதற்குள், "அடப்பாவி! கொழந்தைய வெச்சிக்கினே எடுத்துகீறான்!" என்று அப்பா கத்த, பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அதைச் சொல்லவில்லை.

காலையில் அப்பா, மாமாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். தெருவில் நின்றே சத்தம் போட்டார். வீடு வீடாக ஆட்கள் வெளியே வந்தார்கள். பத்தர் அவசரப்படவில்லை, பெட்டியைத் திறந்து ரோஸ் காகிதப் பொட்டலத்தை எடுத்துவந்து எல்லோருக்கும் தெரியப் பிரித்தார். "வீட்டம்மாவுக்குன்னு வெச்சேன் அண்ணே. பாப்பாகிட்ட அப்பவே சொல்லிட்டேன். நீங்களே கேளுங்க."

"மாட்டிக்கினதும் கத உடறியா?" என்றார் அப்பா.

பத்தரின் மனைவி என் முன்னால் வந்து குனிந்தார். "சொல்லு பாப்பா. அவர் சொன்னாரா இல்லையா? சொல்லும்மா."

நான் அவர் புடவைக் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆமாம் என்று தலையையாவது ஆட்டியிருக்கலாம். மாமா சிரித்தார்: "பாத்தியா, கொழந்த வாய்ல பொய் வரல."

அதோடு தீர்ப்பாகிவிட்டது.

அப்பா தங்கத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு போய் வேறொருவரிடம் சுத்தம் செய்து, சொக்கத் தங்கத்திலேயே கிளிப் செய்து வாங்கினார். பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. ஒரு வாரத்தில் அதன் வாய் விரிந்துகொண்டது. விழாமல் இருக்க அப்பா அதன்மேல் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றினார். "நோட்டுக்கு ஒட்டியாணமும் போட்டாச்சி, கொலுசு எப்போ?" என்று அம்மா கேட்டாள். அவளிடமாவது அன்று மூக்குத்தியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் இறந்தும் வருஷங்கள் ஆகிவிட்டன.

குழந்தை கண்ணெதிரிலேயே திருடியவர் என்ற பேச்சு குன்றத்தூர் முழுக்கப் பரவி, கொடுத்திருந்த தங்கத்தையெல்லாம் ஆட்கள் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். தீபாவளிக்கு முன்பே பத்தர் குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இப்போது நான் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறேன். குன்றத்தூரில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருக்கிறேன். பக்கத்து அறையில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. போன மாதம் அவள் போனில் பழைய வெளிநாட்டு நோட்டுக் கிளிப்புகளின் படம் காட்டினாள். நூறு வருஷத்துக்கு முந்தியவை, பெரிய பெரிய நகைக்கடைகள் செய்தவை, யானை விலை. பலவற்றில் பதினாலு காரட் என்று எழுதியிருந்தது. அப்படியென்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேறு உலோகம். கவ்வ வேண்டுமென்றால் கலந்துதான் ஆக வேண்டும் என்று உலகமெல்லாம் தெரிந்திருக்கிறது. நான் அழுதுவிட்டேன். முதல்முறையாக முழுவதையும் அவளிடம் சொன்னேன். "யக்கா, அந்தப் பத்தரோ அந்தம்மாவோ இருந்தாவன்னா போய்ச் சொல்லிருங்க. வேற என்ன செய்ய முடியும்?" என்றாள்.

அந்தத் தெருவில் பத்தர் வீடு இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடி ஆண்கள் விடுதி. அப்பாவின் கிளிப்பும் அவர் ஷேர் ஆட்டோ வாங்கியபோது விற்றாகிவிட்டது. டீக்கடையில்கூட எல்லோரும் போனைக் காட்டிப் பணம் கொடுக்கிறார்கள், நோட்டை மடித்து வைப்பவரே குறைவு. பழைய ஆள் ஒருவர் மட்டும், பத்தர் போய்ச் சேர்ந்துவிட்டார், அந்த அம்மா சிங்கப்பெருமாள் கோவிலில் மகளோடு இருக்கிறார் என்று வழி சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கதவைத் திறந்தது அவர்தான். உடம்பு சிறுத்திருந்தாலும் முகம் அதேதான். என்னை அடையாளம் தெரியவில்லை.

"யாரும்மா? இன்னா வேணும்?"

உள்ளேயிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"இங்க… வூடு வாடகைக்கு வருதான்னு கேக்க வந்தேன்" என்றேன்.

"இல்லியேம்மா. பின்னாடி தெருவுல கேட்டுப் பாரு, அங்க காலியாவுதுன்னு சொன்னாங்க" என்று அவர் வாசல்வரை வந்து கைநீட்டி வழி காட்டினார். அவர் பார்த்துக்கொண்டு நின்றதால் பின்தெருவுக்குள் போய்த் திரும்பி வந்தேன்.

மறுநாள் எனக்கு முதல் ஷிப்ட். கம்பெனி பஸ் ஐந்து நாற்பதுக்கு வந்தது. ஏறிப் போனேன்.