பொட்டு வைத்த ஊசி டப்பா

பயப்படுவதற்கென்று ஒரு வேலை இருந்தால் அதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. கேஸை மூடினேனா என்று பாதி வழியிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிற ஆள் நான். இந்தப் பயத்தை நம்பித்தான், எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது வீட்டில் ஒரு பொறுப்பைக் கொடுத்தார்கள். அப்பாவுக்குத் தினமும் போட்டு முடித்த சர்க்கரை ஊசியைக் குப்பையில் கொண்டுபோய்ப் போடுகிற பொறுப்பு.

தாராவியில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு. அப்பா சைக்கிளில் இட்லி விற்பவர். காலையில் இட்லிப் பானையைக் கட்டியதும் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டுவார். அம்மா ஊசியைக் குத்திவிட்டு அதை அப்படியே என்னிடம் நீட்டுவாள். தம்பி தவழ்கிற வயது, கண்டதையும் வாயில் வைப்பான். "இவதான் பயந்தாங்கொள்ளி, இவ கையில குடுத்தா பத்திரமா கொண்டு போடுவா" என்பது அம்மாவின் கணக்கு.

நானும் பத்திரமாகத்தான் செய்தேன். வெறுமனே போட்டால் யாரையாவது குத்திவிடுமே என்று காகிதத்தில் சுற்றுவேன். அதற்கு நான் கிழித்தது என் கணக்கு நோட்டை. பத்துக்கு இரண்டு, பத்துக்கு மூன்று என்று டீச்சர் சிவப்பு மையில் போட்ட பக்கங்களாகப் பார்த்துக் கிழிப்பேன். ஊசியும் ஒழியும், மார்க்கும் ஒழியும். சந்து முனையில் இருந்த கச்சராத் தொட்டியில் குப்பையோடு குப்பையாகப் போட்டுவிட்டு நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போவேன். தொட்டியில் விழுந்தால் அத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். தாராவியில் எந்தப் பொருளும் தொட்டியோடு முடிவதில்லை. பிரிப்பதற்கு அங்கே ஆயிரம் கைகள் உண்டு. அதில் ஒரு ஜோடி எங்கள் சித்தியுடையது.

சித்தி அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு பிளாஸ்டிக் கோடவுனில் தரம் பிரிக்கிற வேலைக்குப் போனாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தது. ஓர் ஆடி மாதச் சாயங்காலம் கட்டை விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தாள்.

"என்னட்டி ஆச்சு?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லக்கா. குப்பைக்குள்ள ஊசி கெடந்திருக்கு. பாக்காம கைய வுட்டுட்டேன்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். யாருக்குப் போட்ட ஊசியோ, அவன் ரத்தத்தில் என்னென்ன இருந்ததோ, கல்யாணம் நிச்சயமான பிள்ளைக்கு இப்படியா! தவாக்கானா என்று நாங்கள் சொல்லும் சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் சந்துக்கு வருகிற மராட்டி சிஸ்டர் சித்தியைக் கையோடு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரத்தம் எடுத்தார்கள். இப்போதைக்கு ஒன்றுமில்லை, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார்கள்.

சந்தில் ஊசி போடுகிற வீடுகள் ஏழெட்டு இருந்தன. அதனால் அது யார் வீட்டு ஊசி என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. நான் மட்டும் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அது எங்கள் ஊசிதான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். அப்பாவின் சர்க்கரை, ஊசி வழியாகச் சித்திக்குள் ஏறியிருக்கும் என்பது என் வைத்தியம். ஆகவே சித்தியின் டீயில் யாருக்கும் தெரியாமல் சர்க்கரையைக் குறைத்தேன்.

"என்னட்டி இது, டீயா கசாயமா?" என்பாள் சித்தி. ஆனால் குடித்துவிடுவாள். அம்மா சாமிக்குக் காசு முடிந்து வைக்கிறாள், அப்பா வாயே திறப்பதில்லை, இவள் மட்டும் எப்போதும்போல் சிரித்துக்கொண்டு திரிந்தாள். போதாததற்கு, புதிதாக ஒரு தொல்லை வேறு. வேலை முடிந்து வந்து உட்கார்ந்ததும், "ஏட்டி, ஏழாம் வாய்ப்பாடு சொல்லு பாப்போம்" என்பாள். விரலில் கட்டோடு இருக்கிறவளுக்கு என் வாய்ப்பாடு எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வரும்.

சிஸ்டர் வீடு வீடாக வந்து சொன்னார். ஊசியைக் குப்பையில் போடக் கூடாது. மூடியை மறுபடி மாட்டப் போய்க் கையைக் குத்திக்கொள்ளவும் கூடாது. கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, முக்கால் டப்பா சேர்ந்ததும் இறுக மூடி தவாக்கானாவில் கொடுத்துவிட வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவைத் தாராவியில் வெளியே வைப்பதும் தங்க வளையலைக் கழற்றி வாசலில் வைப்பதும் ஒன்று. உள்ளே தம்பி இருந்ததால், காலி எண்ணெய் டப்பா ஒன்றை அப்பா வாசல் கதவுக்கு மேலே கம்பியில் மாட்டினார். மறுநாள் சாயங்காலம் அதைச் சித்தி கையில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அத்தான், இது நம்ம டப்பாதான? எங்க கோடவுன் தராசுல உக்காந்திருந்துச்சு!"

அடுத்த டப்பாவும் போனது. அதையும் சித்தியே கொண்டுவந்தாள். மூன்றாவதும் அப்படியே. சந்தே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் கவனமாகச் சேர்க்கச் சேர்க்க, ஊசிகள் மொத்தமாக ஒரே டப்பாவில் ஏறிச் சித்தியின் கைக்கே போகின்றனவே! ஒன்று குத்தியது போதாதா?

அதற்குள் ஆயுத பூஜை வந்தது. சைக்கிள், இட்லிப் பானை, கிரைண்டர், அப்பா அமுக்கிக்கொண்டு போகிற ரப்பர் ஹாரன் எல்லாவற்றையும் கழுவினோம். "தொழில் சாமான் ஒண்ணுவிடாம பொட்டு வை" என்று அம்மா சந்தனக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தாள். ஒன்றை விட்டுவிட்டால் அதனால் ஏதாவது ஆகிவிடுமோ என்கிற பயம் எனக்கு. ஊசி இல்லாமல் அப்பா எப்படித் தொழிலுக்குப் போவார்? ஸ்டூல் போட்டு ஏறி, ஊசி டப்பாவுக்கும் சந்தனம் பூசி, பெரிய குங்குமப் பொட்டு வைத்து, கழுத்தில் ஒரு சாமந்திச் சரத்தையும் கட்டிவிட்டேன்.

"அட கூறுகெட்டவளே, குப்பை டப்பாவுக்குமா?" என்று அம்மா கையை ஓங்கினாள். வைத்த பொட்டை அழிக்க அவளுக்கும் பயம். விட்டுவிட்டாள்.

மறுநாள் டப்பா அங்கேயே இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. பழைய சாமான் பொறுக்குகிற பங்கார்க்காரர் ஒருவர் கம்பியை நோக்கிக் கையை நீட்டினார். பொட்டைப் பார்த்தார். நீட்டிய கையால் டப்பாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டார். கதவிடுக்கில் நின்று பார்த்த நான் குதித்த குதியில் தம்பி அழ ஆரம்பித்துவிட்டான்.

பிறகு பக்கத்துச் சந்துக்காரர்களும் தங்கள் வீட்டு ஊசிகளைக் கொண்டுவந்து போட்டார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு. யாரோ ஒரு புண்ணியவதி ஊதுபத்தி கொளுத்திச் செருகியிருந்தாள். சிஸ்டர் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"யே கௌன்சி தேவி ஹை?" என்றார், இது எந்த அம்மன் என்று.

"சக்கரை அம்மன், சிஸ்டர்! பஹுத் பவர்!" என்றார் அப்பா. அந்த மூன்று மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கைப் பேச்சு அதுதான். சிஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சித்தியின் இரண்டாவது ரிப்போர்ட்டை தவாக்கானாவில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்த நாளிலேயே டப்பாவும் முக்கால் நிறைந்தது. மூடியை இறுக்கி, இட்லிப் பானை வைக்கிற இடத்தில் டப்பாவைக் கட்டி, அப்பா ஹாரனை அமுக்கிக்கொண்டே சைக்கிளைத் தள்ளினார். பின்னால் சந்துப் பிள்ளைகள் எல்லாம் ஊர்வலம். முன்னால் சித்தி. நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டபடி போனேன்.

சிஸ்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "குச் நஹி. ஏக்தம் சாஃப்" என்றார். ஒன்றுமே இல்லை, சுத்தம். அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அப்பா ஹாரனை ஏழெட்டுத் தடவை அமுக்க, உள்ளேயிருந்து டாக்டர் வந்து திட்டினார். "இனியாவது டீயில சீனி போடுவியாட்டி?" என்று சித்தி என் காதைத் திருகினாள். தை மாதம் கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது.

எட்டாவதோடு நான் படிப்பை நிறுத்திவிட்டேன். பல வருஷம் கழித்துச் சித்தி ஐரோலிக்கு வீடு மாற்றும்போது சாமான் கட்டப் போயிருந்தேன். அவளுடைய டிரங்குப் பெட்டியில் அந்த ரிப்போர்ட் இருந்தது. அதன் மடிப்புக்குள் கசங்கிய நோட்டுக் காகிதம் ஒன்று. ஏழாம் வாய்ப்பாட்டுக் கணக்கு, என் கோழிக் கிறுக்கல். சிவப்பு மையில் பத்துக்கு இரண்டு. நடுவில் ஊசி போன பொத்தல்.

"சித்தி, இது..."

"பெறவு? அந்த மார்க்க உங்கம்மைகிட்ட கொண்டு காட்டச் சொல்லுதியா?" என்று பிடுங்கி உள்ளே வைத்துவிட்டாள்.

பயந்து பயந்து அவள் டீயில் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த வீட்டில் அவள் மட்டும் எப்படிச் சிரித்தாள் என்பது அன்றைக்கு விளங்கவில்லை. குத்தியது அத்தான் ஊசி என்று அவளுக்கு முதல் நாளே தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாருடைய பயமும் அன்றே போயிருக்கும். போய், பழி மொத்தமும் என் தலையில் இறங்கியிருக்கும்.